வித்தியாசம்: ஒன்று

ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின்கள் ஓடாது. அபிராமி அதற்காகத்தான் அந்த நாளைக் கேட்டு வாங்கினாள்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியின் சர்வரில் பழைய ஃபோல்டர் ஒன்று இருந்தது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த சரக்கு அதில் கிடந்தது. துணி வெட்டும் அளவுக்கான பேட்டர்ன், அதைத் துணியில் அடுக்கும் மார்க்கர், பிரிண்ட் டிசைன், சாம்பிள் போட்டோ, வெளிநாட்டுப் பையர் அனுப்பிய வீடியோ. யார் யாரோ எங்கெங்கோ போட்டு வைத்தவை. 'ஃபைனல்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'ஃபைனல் புதுசு'. அதற்குள் 'இதுதான் ஃபைனல்'.

அத்தனையையும் சர்வரில் புதிதாகச் சேர்த்த டிஸ்க்குக்கு, பிரிவு பிரிவாகக் கட்டிவைத்த புது ஃபோல்டருக்குக் காப்பி செய்ய வேண்டும். திங்கட்கிழமை காலை கட்டிங் செக்‌ஷன் புது ஃபோல்டரைத் திறந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலாளியின் மகன் நித்தீஷ் இந்த வேலையைக் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்க நினைத்திருந்தான். அதற்குப் பிறகு, இதுவரை அபிராமி பார்த்துவந்த சர்வரையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அபிராமிக்குப் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுக்கும் வேலை மிஞ்சும்.

"நான் பண்றேனுங்க. ஒரு ஃபைல்கூடப் போகாது," என்று அபிராமி மீட்டிங்கில் சொன்னாள்.

"போச்சுன்னா?" என்றான் நித்தீஷ்.

"போச்சுன்னா கோயமுத்தூர்க்காரங்களக் கூப்பிடுங்க. சர்வர் ரூம் சாவிய நானே அவங்க கையில குடுக்கறேன்."

லிங்கசாமி சிரித்தார். முதலாளி அவர். கட்டிங் மாஸ்டராக இருந்து கம்பெனி தொடங்கியவர். "அம்மிணி பேசற பேச்சப் பாரு. உடு நித்தீஷ். ஒரு ஞாயித்துக்கெழமதான."

ஞாயிறு காலையில் அவள் சர்வர் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து கட்டளையைக் கொடுத்தாள். ஃபைல் பெயர்கள் மேல்நோக்கி ஓடத் தொடங்கின. மவுஸால் இழுத்துப் போட்டால் நடுவில் அறுந்துவிடும். இது அறுந்தாலும் அறுந்த இடத்திலிருந்து தொடரும். முடிந்த பிரிவுக்குத் திரும்பிப் போகாது. பேட்டர்ன் பிரிவை முதலில் வைத்தாள். நாளைக் காலை முதலில் தேவைப்படுவது அதுதான்.

அந்தப் பிரிவு முடிந்த நேரத்தில் வீரணன் வந்தார். பேட்டர்ன் மாஸ்டர். சாத்தூர்ப் பக்கம். அபிராமியின் அப்பாவும் அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அந்த முறையில் அவளுக்கு அவர் சித்தப்பா.

"உள்ள வரலாமாத்தா? செருப்பக் கழட்டணுமா?"

"இது என்ன கோயிலா சித்தப்பா? வாங்க."

"நீ குடுக்குற கெடுபிடிக்குக் கேட்டேன்."

நாளை வெட்டப்போகும் டீ-ஷர்ட் துணியைத் துவைத்துப் பார்த்திருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நீளம் அதிகமாகச் சுருங்கியிருந்தது. பேட்டர்னை நீட்ட வேண்டும். எல்லா சைஸிலும்.

"புது ஃபோல்டர்லயே பண்ணுங்க. பழசுல இனி யாருக்கும் வேல கெடையாது," என்றாள். "முடிச்சதும் சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டுப் போங்க."

"சரித்தா."

"சரின்னு சொல்லிட்டு ஸ்கிரீன மட்டும் அமத்திட்டுப் போவீங்க."

"டேபிள்ல விரிச்ச துணிய யாராச்சும் மடிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போவாகளா? மறுநா வந்து வெட்டத்தான போறோம்."

"கம்ப்யூட்டர் துணி இல்ல சித்தப்பா."

"சரித்தா, சரித்தா. மச்சினி மகனுக்குக் காதுகுத்து. ஊத்துக்குளிக்குப் போகணும். சண்ட போட நேரமில்ல."

அவர் திருத்தி, சேவ் செய்துவிட்டுப் போனார். போகும்போது சர்வர் அறையை எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மதியம் கடந்ததும் லிங்கசாமி வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஒரு தடவை கம்பெனிக்கு வந்துவிடுவார். வந்தால் தனது அறையில் உட்கார்ந்து பழைய சாம்பிள் போட்டோக்களைப் பார்ப்பார்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க ஐயா."

"போய்ச் சாப்பிட்டு வா. இது பாட்டுக்கு ஓடுது."

"கொஞ்சம் பாத்துக்குங்க."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

அவள் திரும்பி வந்தபோது ஜன்னலில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. லிங்கசாமி தனது அறையில் இருந்தார். சாயங்கால வெயில் சன்னல் வழியாகத் தரையில் விழுந்த நேரத்தில் காப்பி முடிந்தது. தவறு எதுவும் இல்லை என்று சர்வர் சொன்னது.

சர்வர் சொல்வதோடு அவள் விடவில்லை. பழசையும் புதுசையும் ஃபைலுக்கு ஃபைல் வைத்து ஒப்பிட்டாள். அதற்கும் நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு வரி வந்தது.

வித்தியாசம்: 0.

வேறு யாராக இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அபிராமி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒன்று இருக்க வேண்டும். வீரணன் புதுசில் ஒரு ஃபைலைத் திருத்தினார். பழசில் அது திருத்தாமல் கிடக்கிறது. இரண்டும் ஒன்றுபோல இருக்கக் கூடாது.

அந்த ஃபைலைத் தேடித் தேதியைப் பார்த்தாள். போன மாதத் தேதி. இன்று திருத்தியதற்கு அங்கே அடையாளமே இல்லை.

எழுந்து லிங்கசாமியின் அறைக்குப் போனாள்.

"ஐயா, நான் சாப்பிடப் போனப்ப சர்வர்ல எதாச்சும் தொட்டீங்களா?"

"தொடலையே. என்ற கம்ப்யூட்டர்ல இருந்துதான் பண்ணுனேன்."

"என்னங்க பண்ணுனீங்க?"

"நீ பாத்துக்கச் சொன்னயில்ல, பாத்தேன். ஒரே பேரு வெகு நேரமா நின்னுட்டு இருந்துது. நகரவே காணம்."

"அது பையர் அனுப்புன வீடியோங்க. பெருசு. மெதுவாத்தான் போகும்."

"எனக்கு என்ன தெரியும்? மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நாளைக்குக் கட்டிங்குக்குப் பேட்டர்னாச்சும் முழுசா வேணுமில்ல. பழசுல இருந்து பேட்டர்ன் ஃபோல்டரைப் புடிச்சு இழுத்துப் புதுசுல போட்டேன்."

"ஒரு பெட்டி வந்திருக்குமே."

"வந்துது. இதே பேருல அங்க இருக்குது, ரீப்ளேஸ் பண்ணட்டுமான்னு கேட்டுது. பண்ணுன்னேன்." குரலில் பெருமை இருந்தது. "ஓட்டை கீட்டை இருந்தா மாத்திரட்டும்னு."

அபிராமிக்குப் புரிந்தது. கட்டிங்கில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம். தைக்கும் இடத்தில் ஒரு துண்டில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அது கட்டிங்குக்குத் திரும்பி வரும். அதே ரோலிலிருந்து அதே அளவில் நல்ல துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ரீப்ளேஸ்மென்ட். நல்ல துண்டை யாரும் தொடமாட்டார்கள். லிங்கசாமி மீசை முளைத்த வயதிலிருந்து சொல்லிவரும் வார்த்தை அது.

"ஐயா, கம்ப்யூட்டர்ல ரீப்ளேஸுன்னா ஓட்டையா நல்லதான்னு பாக்காதுங்க. அங்க இருக்கறத எடுத்துட்டு நீங்க குடுத்தத வெச்சிரும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நல்ல பீஸையுமா?"

"வீரணன் சித்தப்பா இன்னிக்கு வந்து நீட்டி வெச்ச பேட்டர்னையும்."

லிங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நான் நல்ல பீஸை எடுத்து எறிஞ்சுட்டு ஓட்டை பீஸை வெச்சிருக்கறேன்."

"ஆமாங்க."

"எறிஞ்சத எங்க போட்டுது? பிட்டுத் துணி மூட்டையாட்ட எதாச்சும் இருக்குமில்ல?"

"நாளைல இருந்து இருக்கும்ங்க. காப்பி ஓடறப்ப பேக்கப்பும் ஓடுனா ரெண்டும் இழுக்கும். நான்தான் நிறுத்தி வெச்சேன்."

பழைய அளவில் வெட்டினால் ஒவ்வொரு டீ-ஷர்ட்டும் துவைத்ததும் இடுப்புக்கு மேல் ஏறும். அதே துணியை மறுபடி பின்னிச் சாயம் போட்டு வாங்குவதற்குள் சரக்கு ஏற்ற வேண்டிய கப்பல் போய்விடும். லிங்கசாமிக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வீரணனக் கூப்புடு. மறுபடியும் பண்ணட்டும்."

"பண்ணச் சொல்லலாமுங்க. ராத்திரி உக்காந்தா முடிச்சிருவாரு. ஆனா அது வேற ஃபைலுங்க. இது போனது போனதுதான். ஒண்ணுகூடப் போகாதுன்னு சொல்லியிருக்கறேன்."

"அதையெல்லாம் நித்தீஷ்கிட்டச் சொல்லோணுமா?"

"சொல்லுவேனுங்க. கெடச்சதுக்கப்புறம் சொல்லுவேன்."

லிங்கசாமி அவளைப் பார்த்தார். "கெடைக்குமா?"

அபிராமி ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

பேட்டர்ன் அறையில் வீரணனின் ஸ்கிரீன் இருட்டாக இருந்தது. அவள் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கையை வைத்தாள். பெட்டி சூடாக இருந்தது.

"கெடைக்குமுங்க," என்றாள். பின்னால் வந்து நின்ற லிங்கசாமிக்குக் கேட்டது.

வீரணனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

"என்னாத்தா?"

"சித்தப்பா, சிஸ்டத்த ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேனே."

"சித்தப்பா."

"ஸ்கிரீன அமத்துனேன்."

"ஃபைல மூடுனீங்களா?"

"வையாதத்தா. காலைல வந்ததும் மார்க்கர் போடணும்ல, அப்புடியே விட்டுட்டு வந்தேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அது எப்புடிச் சொல்ல முடியும்? பெத்த தாயி கேட்டாலும் சொல்லாதீகன்னு குரூப்புல போட்டவ நீதான?"

"நான் கேட்டா சொல்லலாம்."

"போன்ல பேசுறது நீதான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

லிங்கசாமி போனை வாங்கினார். "வீரணா, நானு. சொல்லு."

"மொதலாளிங்களா? கருத்தம்மா, எண்பத்தஞ்சு. எல்லாம் சின்ன எழுத்து."

"கருத்தம்மா யாரு?"

"அவங்க ஊட்டுக்காரம்மாங்க," என்றாள் அபிராமி.

"எண்பத்தஞ்சு?"

"என் பனியன் சைஸுங்க மொதலாளி," என்றது போன்.

அவள் அடித்தாள். தப்பு என்று வந்தது.

அந்தச் சிஸ்டத்தின் பாஸ்வேர்டை சர்வரிலிருந்து மாற்ற முடியாது. மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். அந்த விதியையும் அபிராமிதான் போட்டாள். பூட்டிக்கொண்டால் ஆஃப் செய்துதான் திறக்க முடியும். ஆஃப் செய்தால் உள்ளே விரிந்து கிடப்பது போய்விடும். அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள்.

"சித்தப்பா, இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? எச் எங்க வருது?"

"கை பாட்டுக்கு அடிக்கும்த்தா. கேட்டா தெரியாது. அவ ஆதார்ல இருக்குற மாதிரிதான்."

"சித்திகிட்டக் குடுங்க."

மேளம் நெருங்கி வந்து விலகியது. கருத்தம்மாவின் குரல் வந்தது. "ஏன்டி, காதுகுத்துக்கு வரச் சொன்னா போன்லயே வந்துட்டுப் போற?"

"சித்தி, ஆதார்ல உங்க பேரு இங்கிலீஷ்ல எப்படி இருக்குன்னு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சித்தப்பா அவரு சிஸ்டத்துக்குப் பாஸ்வேர்டா உங்க பேரத்தான் வெச்சிருக்காரு."

"இந்த மனுசனா?" என்றாள் கருத்தம்மா.

அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டி இரண்டு. அதற்குப் பின்னால் எச் ஒன்று. அபிராமி அடித்தாள். எண்பத்தைந்து. என்டர்.

திறந்தது.

பேட்டர்ன் திரை முழுவதும் கிடந்தது. முன்பக்கம், பின்பக்கம், கை. ஒவ்வொரு சைஸும் அடுத்த சைஸுக்குள் அடங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. இரண்டு பட்டன்கள். எஸ். நோ.

"நான் கைய வெக்க மாட்டேன்," என்று லிங்கசாமி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன கேக்குது?"

"சர்வர்ல இந்த ஃபைல் மாறியிருக்குது, அங்க இருக்கறத எடுத்துக்கட்டுமான்னு கேக்குதுங்க."

"எஸ்ஸா, நோவா?"

"நீங்க சொல்லுங்க ஐயா. இங்க டேபிள்ல விரிச்சிருக்கறது சித்தப்பா திருத்துனது. அங்க ரேக்குல இருக்கறது நீங்க வெச்சது."

அவர் அவசரப்படவில்லை. உதடு அசைந்தது.

"ரேக்குல இருக்கறது ஓட்டை."

"ஆமாங்க."

"டேபிள்ல இருக்கறது நல்ல பீஸு."

"ஆமாங்க."

"அப்ப நோ போடு."

நோ போட்டாள். பெட்டி மறைந்தது. பேட்டர்ன் அப்படியே இருந்தது. முதலில் வேறு பெயரில், வேறு இடத்தில் ஒரு பிரதியை சேவ் செய்தாள். பிறகு மீடியம் சைஸின் உடல் நீளத்தை அளந்து காட்டினாள். லிங்கசாமி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீட்டித்தான் வெச்சிருக்கறான்," என்றார்.

இப்போது அதைச் சர்வரில் அதன் சொந்த இடத்தில் வைக்க வேண்டும். சேவ் கொடுத்தாள். மறுபடியும் ஒரு பெட்டி வந்தது. லிங்கசாமிக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். இதே பெயரில் அங்கே இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யவா என்றது.

"இது அந்தக் களவாணிப் பெட்டியல்ல?"

"அதேதானுங்க."

"இப்ப என்ன பண்றது?"

"இப்பப் பண்ணலாமுங்க. ஓட்டைய எடுத்துட்டு நல்லத வெக்கறோம். உங்க ரீப்ளேஸ்மென்ட் இதுதான்."

அவள் அழுத்தினாள்.

சர்வர் அறைக்குத் திரும்பிப் போய்ப் பழசையும் புதுசையும் மறுபடி ஒப்பிட்டாள். லிங்கசாமி நாற்காலி இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஓடிக்கொண்டிருக்கும் பெயர்களைப் பார்த்தபடி இருந்தார். ஒரு பெயர் நகராமல் நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

"வீடியோங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

வித்தியாசம்: 1.

நித்தீஷ் பொங்கலூர்த் தோட்டத்திலிருந்து வந்தபோது இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. எதுவும் போகல. பாத்துக்குங்க." திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் படித்தான். "ஒண்ணுன்னு இருக்குதே."

"அது இருக்கோணுமுங்க. நாளைக்கு வெட்டற பேட்டர்ன். பழசுல சின்னது, புதுசுல திருத்துனது. மத்தியானத்துக்கு மேல அது காணாமப் போச்சு. திரும்ப எடுத்து வெச்சாச்சு."

"எப்புடிக் காணாமப் போச்சு?"

"நான்தான்," என்றார் லிங்கசாமி. "நல்ல பீஸை எடுத்துட்டு ஓட்டை பீஸை வெச்சுட்டேன்."

"ஏனுங்கப்பா, நீங்க எதுக்கு அதத் தொட்டீங்க?"

"அம்மிணி பாத்துக்கச் சொன்னா, பாத்துக்கிட்டேன்."

நித்தீஷ் சிரிக்கலாமா என்று யோசித்தான். அபிராமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரு வேல பாக்கி இருக்குதுங்க. ஐயா லாகின்ல புது ஃபோல்டரைப் படிக்க மட்டும் விடப்போறேன். எழுத, அழிக்க, இழுத்துப் போட முடியாது. உங்க லாகின்லயும் அப்படித்தான்."

"எனக்குமா?" என்றான் நித்தீஷ். "நான் என்ன பண்ணுனேன்?"

"இன்னும் பண்ணலைங்க."

லிங்கசாமி ஏசிச் சத்தத்தை மீறிச் சிரித்தார். "ஓடற கட்டிங் மெஷின உன்ற கையில நான் எப்பவாச்சும் குடுத்திருக்கறனா? வெக்கட்டும் உடு. ரூமு அவளுது."

நித்தீஷ் தந்தையைப் பார்த்தான். பிறகு திரையில் அந்த ஒன்றைப் பார்த்தான். "கோயமுத்தூர்க்காரங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை காலை வீரணன் புது ஃபோல்டரிலிருந்து பேட்டர்னைத் திறந்து மார்க்கர் போட்டார். பேட்டர்ன் வரைந்த நீளமான பேப்பர் பிளாட்டர் மெஷினிலிருந்து இறங்கியது. கட்டிங் டேபிளில் துணி அடுக்கடுக்காக விரிந்தது. அதன்மேல் பேப்பரை வைத்தார்கள். கட்டிங் மெஷின் சத்தம் சர்வர் அறை வரைக்கும் கேட்டது.

வீரணன் எட்டிப் பார்த்தார். "பாஸ்வேர்ட மாத்தணுமாத்தா?"

"கண்டிப்பா. நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"மாத்துனா அவ கோவிச்சுக்குவா. நேத்துல இருந்து வீட்டுல என் மரியாதையே வேற."

"பனியன் சைஸ மாத்துங்க."

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் மேஜை போன் அடித்தது. லிங்கசாமி.

"அம்மிணி, ஒரு போட்டோவப் புடிச்சு இழுத்துப் பாத்தேன். ஒரு பெட்டி வருது."

"என்னங்க சொல்லுது?"

"உனக்கு அனுமதி இல்லைங்குது."

"ஆமாங்க."

"என்ற கம்பெனில."

"ஆமாங்க ஐயா."

அந்தப் பக்கம் மறுபடியும் மவுஸ் சத்தம் கேட்டது. மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார்.

"நல்லா வேல செய்யுது கண்ணு," என்றார் லிங்கசாமி.